ஸ்கோப்புக்கு ஒரு தூக்குநூல்

1874 செப்டம்பர் 26. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், கிரீட்மூர் துப்பாக்கி சுடும் மைதானத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1,000 கெஜம் என மூன்று தூரங்கள். ஒவ்வொரு தூரத்திலும் ஆளுக்கு 15 குண்டுகள். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 4 புள்ளிகள் என்பதால் ஓர் அணி எட்டக்கூடிய உச்சம் 1,080. கடைசியில் அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அயர்லாந்து வீரர் மில்னர் சுட்ட குண்டு ஒன்று நட்டநடுவில் தைத்தது. ஆனால் அவருடைய இலக்கில் அல்ல, பக்கத்து இலக்கில். அந்த 4 புள்ளிகள் கணக்கில் வந்திருந்தால் கோப்பை கடல் கடந்து போயிருக்கும். குழல்வாய் வழியே மருந்து திணிக்கும் ரிக்பி துப்பாக்கிகளை, பின்பக்கம் தோட்டா போடும் ரெமிங்டனும் ஷார்ப்ஸும் வென்ற நாள் என்றுதான் இந்தப் போட்டியை வரலாற்றில் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அக்காலத்து நீள்தூரத் துப்பாக்கிகளின் நுனியில் இருந்த ஒரு சிறு பொருள். குறிபார்க்கும் வளையத்தை ஒட்டி, விரல்நகம் அகலத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே திரவம், அதில் மிதக்கும் ஒரு குமிழி. கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தின் குட்டி வடிவம் அது. உருப்பெருக்கும் கண்ணாடியே பொருத்தாத துப்பாக்கியில் மட்டம் பார்க்கும் கருவிக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். 150 ஆண்டுகள் கழித்து, லட்சக்கணக்கில் விலையுள்ள ஸ்கோப்பை வாங்கிப் பொருத்துகிறவர்கள் முதலில் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு, குண்டு பறக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். துப்பாக்கிக் குண்டு நூல் பிடித்தாற்போல் நேராகப் போகிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் குழலைவிட்டு வெளியே வந்த கணத்திலிருந்தே அது விழத் தொடங்குகிறது. நீள்தூரப் போட்டிகளில் பரவலாகப் பயன்படும் .308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 11 கிராமுக்குச் சற்றே கூடுதல் எடையுள்ள குண்டு, வினாடிக்குச் சுமார் 790 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. 100 கெஜத்தில் சரியாகக் குறியில் படும்படி அமைத்த துப்பாக்கியால் 1,000 கெஜத்தில், அதாவது 914 மீட்டரில், அதே குறியைப் பார்த்துச் சுட்டால் குண்டு கிட்டத்தட்ட 10 மீட்டர் கீழே போய் விழும். மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம் அது. ஆகவே சுடுபவர் ஸ்கோப்பின் மேல் திருகைத் திருப்பி, குழல் அந்த அளவுக்கு மேல்நோக்கி இருக்கும்படி சரிசெய்துகொள்கிறார். பந்தை மேலே தூக்கி எறிவது போன்ற இந்த 10 மீட்டர்தான் நீள்தூரச் சுடுதலின் அடிப்படை. இதில் கவனிக்க வேண்டியது: ‘மேலே’ என்று ஸ்கோப் நினைக்கும் திசையும் ‘கீழே’ என்று புவியீர்ப்பு இழுக்கும் திசையும் ஒரே கோட்டில் இருந்தால் மட்டுமே ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டும்.

இரண்டும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஸ்கோப்புக்குள் தெரியும் கூட்டல் குறியை ரெட்டிகிள் என்பார்கள். அது வலப்பக்கம் 1 டிகிரி சாய்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கடிகாரத்தில் நொடிமுள் ஒரு நொடியில் நகரும் கோணத்தில் ஆறில் ஒரு பங்குதான் இது; கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் குழல் இப்போது நேர் மேலே தூக்கப்படாமல் கொஞ்சம் வலப்பக்கமாகத் தூக்கப்படுகிறது. 10 மீட்டர் ஏற்றத்தில் அந்தச் சாய்வு 17.5 சென்டிமீட்டர் வலப்பக்க விலகலாக மாறுகிறது. 3 டிகிரி சாய்ந்தால் 52 சென்டிமீட்டர். உயரத்தில் ஏற்படும் குறையோ ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. அதாவது, இந்தப் பிழை ஏறத்தாழ முழுக்கப் பக்கவாட்டில்தான் வெளிப்படும். இந்தக் குணத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். இதே 3 டிகிரிச் சாய்வு 100 மீட்டரில் 4 மில்லிமீட்டர் அளவுக்கே விலக்கும். அங்கே யாரும் அதைப் பிழையாகக்கூட எண்ண மாட்டார்கள். தூரம் கூடக் கூடத்தான் விலகல் பூதாகரமாகிறது.

புள்ளிக் கணக்கில் பார்த்தால் இதன் கொடுமை புரியும். எஃப் கிளாஸ் என்றொரு போட்டி வகை உண்டு. கனடாவின் ஜார்ஜ் ஃபார்க்கர்சன் என்ற வீரரின் பெயரிலிருந்து வந்த எழுத்து அது. தாங்கியில் துப்பாக்கியை வைத்து, ஸ்கோப் பொருத்திச் சுடலாம் என்பதால் வயதான வீரர்களும் கலந்துகொள்ள முடிகிறது. அதற்கு ஈடாக இலக்கின் வளையங்களைச் சிறிதாக்கிவிட்டார்கள். அமெரிக்க விதிப்படி 1,000 கெஜ இலக்கில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 10 அங்குலம். நடுவிலிருந்து விளிம்புவரை 12.7 சென்டிமீட்டர்தான். மற்ற எல்லாவற்றையும் பிசகில்லாமல் செய்த ஒருவர், ரெட்டிகிள் 1 டிகிரி சாய்ந்திருந்த ஒரே காரணத்தால் 9 புள்ளி வளையத்துக்குள் போய்விடுகிறார். 3 டிகிரி என்றால் 7 புள்ளி.

சரி, எதை நேராக்குவது? இங்கேதான் பெரும்பாலோர் தடம் மாறுகிறார்கள். துப்பாக்கிக்கும் ஸ்கோப்புக்கும் இடையே நேர் பார்ப்பதுதான் வேலை என்று நினைத்து, துப்பாக்கி உடலின் மேல்தளத்தில் ஒரு மட்டத்தை வைக்கிறார்கள்; ஸ்கோப்பின் திருகு மூடிமேல் இன்னொன்றை வைக்கிறார்கள்; இரண்டு குமிழிகளும் நடுவில் நின்றதும் திருப்தியாகத் திருகாணிகளை இறுக்குகிறார்கள். என் வாதம் இதுதான்: நேராக நிற்க வேண்டியது ரெட்டிகிள், அது நேர் பிடிக்க வேண்டியது பூமியோடு. துப்பாக்கி உடலோடு அது எப்படி இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம். கொத்தனார் புதுச் சுவர் எழுப்பும்போது பக்கத்துச் சுவரைப் பார்த்தா நேர் பிடிக்கிறார்? தூக்குக்குண்டைத் தொங்கவிட்டல்லவா பார்க்கிறார்.

இது வெறும் கொள்கை அல்ல, கணக்கே காட்டுகிறது. ரெட்டிகிள் பூமிக்குச் செங்குத்தாக இருக்கிறது, ஆனால் அதன் கீழே துப்பாக்கி 3 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று கொள்வோம். ஸ்கோப் குழலுக்கு மேல் 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், குழல் அதன் நேர் கீழே இல்லாமல் பக்கவாட்டில் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குத் தள்ளியிருக்கும். 100 மீட்டரில் குறி ஒத்துப்போகும்படி அமைத்துவிட்டால், குண்டின் பாதை அந்த இடத்தில் பார்வைக்கோட்டைக் கடந்து மறுபக்கம் போகும். 1,000 மீட்டரில் விலகல் சுமார் 2.4 சென்டிமீட்டர். அவ்வளவுதான். அதே 3 டிகிரி ரெட்டிகிளில் இருந்தால் அரை மீட்டருக்கு மேல். ஒன்று இன்னொன்றைவிட இருபது மடங்கு பெரியது. அப்படியிருக்க, எல்லாக் கவனத்தையும் சிறியதன்மேல் கொட்டிவிட்டுப் பெரியதைத் தற்செயலுக்கு விட்டுவிடுவது வீண் உழைப்பு. இன்னொரு விதத்தில் இது விடுதலையும்கூட. தோள்குழியில் துப்பாக்கியைப் பதிக்கும்போது பலருக்கும் அது இயல்பாகவே கொஞ்சம் உட்பக்கம் சாயும். அந்தச் சாய்வோடு போராடித் தோளையும் கழுத்தையும் முறுக்கிக்கொள்வதைவிட, துப்பாக்கியை உடம்புக்கு இசைவாகப் படுக்கவிட்டு, அந்த நிலையில் ஸ்கோப்பைச் சுழற்றி ரெட்டிகிளை நேராக்கிப் பூட்டுவதே மேல்.

செய்யும் முறை எளிமையானது. பொறுமை மட்டும் வேண்டும். துப்பாக்கியை அசையாதபடி ஒரு பிடிப்பானில் வைத்து, 100 மீட்டரில் கனமான குண்டு கட்டிய வெள்ளை நூல் ஒன்றைத் தொங்கவிட வேண்டும். காற்று நூலை ஆட்டினால் குண்டை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்திவிடலாம். ஸ்கோப் வளையங்களின் திருகாணிகள் தளர்வாக இருக்கும்போதே, ரெட்டிகிளின் நெடுங்கோடு நூலின்மேல் மேலிருந்து கீழ்வரை படியும்படி ஸ்கோப்பைச் சுழற்ற வேண்டும். பிறகு இறுக்கும்போதுதான் ஆபத்து. ஒரு பக்கத் திருகாணியை ஒரே மூச்சில் இறுக்கினால், வளையம் ஸ்கோப்பையும் தன்னோடு இழுத்துக்கொண்டு மயிரிழை திரும்பிவிடும். கண்முன்னாலேயே கோடு நூலைவிட்டு விலகுவதைப் பார்க்கலாம். இந்தப் பக்கம் கால் சுற்று, எதிர்ப்பக்கம் கால் சுற்று என்று மாற்றிமாற்றி, ஒவ்வொரு தடவையும் நூலைச் சரிபார்த்துக்கொண்டே போக வேண்டும். முறுக்கும் விசையும் கணக்கோடு இருக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் இந்தச் சிறு திருகாணிகளுக்குச் சொல்வது பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டர் அளவில்தான். பூட்டி முடித்த பிறகு, கோடு நூலின்மேல் நிற்கும் அதே நிலையில், துப்பாக்கியிலோ ஸ்கோப்பிலோ ஒரு சிறு மட்டத்தைக் குமிழி நடுவில் நிற்கும்படி பொருத்த வேண்டும். களத்தில் தூக்குநூல் கூட வராது. அதன் சாட்சியாக வருவது இந்தக் குமிழிதான். எனவே குமிழி ஒத்துப்போக வேண்டியது ரெட்டிகிளோடு.

அடுத்து ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. பிடிப்பானை அசைக்காமல் ஸ்கோப்பின் மேல் திருகை, மில் என்னும் கோண அளவில், 10 மில் திருப்பினால், 100 மீட்டரில் ரெட்டிகிளின் மையம் சரியாக 1 மீட்டர் கீழிறங்க வேண்டும். இறங்கும் வழியெல்லாம் நூலைவிட்டு விலகவும் கூடாது. 1 மீட்டர் இறங்கிய இடத்தில் மையம் பக்கவாட்டில் 1.75 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், திருகு நகரும் திசை 1 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று பொருள். சில ஸ்கோப்களில் ரெட்டிகிள் நூலோடு ஒட்டியிருந்தும் திருகின் நகர்வு விலகும். உள்ளே ரெட்டிகிளைப் பதித்ததிலேயே பிசகு இருப்பதால் வருவது இது. திருகு மூடிமேல் வைத்த மட்டத்தை நம்பக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். மூடியின் தளத்துக்கும் உள்ளிருக்கும் ரெட்டிகிளுக்கும் இடையே இத்தனை பாகங்கள் இருக்கும்போது, மூடி நேராக இருந்தால் ரெட்டிகிளும் நேராக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பிசகு சிறிதாக இருந்தால், தூரத்துக்கேற்பத் திருகைத் திருப்பிச் சுடுபவர் திருகின் நகர்வை நூலோடு ஒட்டவைக்கலாம். ரெட்டிகிளின் கோடுகளை வைத்தே உயர்த்திக் குறிபார்ப்பவர் ரெட்டிகிளை ஒட்டவைக்கலாம். பெரிதாக இருந்தால் ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

இதற்கெல்லாம் எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. முதலாவது, ‘இதற்கு எதற்குக் கருவி? எனக்குக் கண் இல்லையா?’ என்பது. பழகிய கண்ணை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கண் தனியாக முடிவெடுப்பதில்லை. சுற்றியிருப்பவற்றைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. உளவியலாளர்கள் சாலமன் ஆஷும் ஹெர்மன் விட்கினும் 1948இல் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. இருட்டறையில் ஒளிரும் சதுரச் சட்டம், அதனுள் ஒரு கம்பி. சட்டத்தைச் சாய்த்துவைத்துவிட்டு, கம்பியைச் செங்குத்தாக நிறுத்தச் சொன்னால், பலர் சட்டம் சாய்ந்த பக்கமே கம்பியையும் சாய்த்து நிறுத்தினார்கள். அதுதான் செங்குத்து என்று உறுதியாகவும் நம்பினார்கள். சுடும் மைதானத்தில் அந்தச் சட்டத்தின் வேலையைச் செய்ய எத்தனையோ பொருள்கள் இருக்கின்றன: சரிந்திறங்கும் மலைச்சரிவு, சாய்ந்த இலக்குப் பலகை, ஒரு பக்கம் தாழ்ந்த மண்மேடு. குப்புறப் படுத்திருப்பவரின் தலையும் நேராக இருப்பதில்லை. 1 டிகிரிக்கு ஒரு வளையம் பறிபோகும் விளையாட்டில், இவ்வளவு எளிதில் ஏமாறும் சாட்சியை மட்டும் நம்பியிருக்க முடியாது.

இரண்டாவது வாதம் இன்னும் நுட்பமானது. ‘சாய்வு இருந்தால் இருக்கட்டும், எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் போதுமே, அந்தச் சாய்வோடு சேர்த்துக் குறியை அமைத்துக்கொள்கிறேன்’ என்பார்கள். ஒரே தூரத்தில் சுடுகிறவர்களுக்கு இது முழுக்கச் சரி. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியைப் பாருங்கள். நின்றபடி சுடும் அந்த வீரர்களில் பலர், தலை நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதற்காகத் துப்பாக்கியை வேண்டுமென்றே முகத்தின் பக்கம் சாய்த்துத்தான் பிடிக்கிறார்கள். தூரம் மாறாததால் அந்தச் சாய்வும் குறியமைப்பில் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஆனால் அவர்களுக்கும் சாய்வு குண்டுக்குக் குண்டு மாறக் கூடாது. 10 மீட்டருக்குள் ஏர் ரைபிள் குண்டு ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக விழுகிறது. பிடி 5 டிகிரி மாறினால் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் விலகும். அந்த இலக்கில் 10 புள்ளியின் விட்டமே அரை மில்லிமீட்டர். நீள்தூரத்திலோ நிலைமை வேறு. கிரீட்மூரில் போல 800, 900, 1,000 கெஜம் என்று தூரம் மாறிக்கொண்டே இருக்கும். இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் எல்கோ கேடயத்துக்காக 1,000, 1,100, 1,200 கெஜங்களில் சுடுகிறார்கள். மாறாத சாய்வு ஒரு தூரத்தில் பொருந்தும். அடுத்த தூரத்துக்குத் திருகைத் திருப்பியதுமே பக்கவாட்டுக் குறியும் நழுவிவிடும்.

மூன்றாவது வாதம்தான் கனமானது, அனுபவசாலிகளே சொல்வது. ‘வினாடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் குறுக்குக் காற்று அடித்தால் உங்கள் .308 குண்டு 1,000 கெஜத்தில் சுமார் இரண்டரை மீட்டர் தள்ளிப் போகும். காற்றின் கணிப்பில் பத்தில் ஒரு பங்கு தவறினாலே கால் மீட்டர் போச்சு. இதில் 17 சென்டிமீட்டருக்காக நூலையும் குண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு இருப்பதா?’ எண்கள் சரிதான். ஆனால் முடிவு தலைகீழ். சாய்வுப் பிழை ஏறத்தாழ முழுக்கப் பக்கவாட்டில் வெளிப்படும் என்று முன்பே பார்த்தோம். காற்றின் விளைவும் பக்கவாட்டில்தான். ஆகவே இலக்கில் வலப்பக்கம் விழுந்த ஒரு குண்டைப் பார்த்து, அது காற்றால் போனதா சாய்வால் போனதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சுடுபவர் பழியைக் காற்றின்மேல் போடுகிறார். கொடியின் அசைவையும் கானலின் நெளிவையும் பார்த்துத் தான் போட்ட கணக்குத் தவறு என்று குறிப்பேட்டில் எழுதுகிறார். அடுத்த முறை சரியாகப் படித்த காற்றையும் ‘திருத்தி’ப் படிக்கிறார். குண்டுக்குக் குண்டு சாய்வு மாறினால் குழப்பம் இன்னும் மோசம். காற்றைப் படிக்கும் கலை பல ஆண்டுப் பயிற்சியில் வருவது. அந்தப் பயிற்சிக்கு ஆதாரமாக இருக்கும் குறிப்புகளையே சாய்வு கெடுத்துவிடுகிறது. காற்று நம் கையில் இல்லை. சாய்வை, சுடத் தொடங்கும் முன்பே ஒரு மாலைநேர வேலையில் ஏறத்தாழ முழுக்க நீக்கிவிடலாம். நீக்கக்கூடியதை நீக்கினால்தான் மிச்சமிருப்பது காற்று என்று துணிந்து சொல்ல முடியும்.

சுழற்சி விலகலைப் பற்றியும் கேட்பார்கள். வலஞ்சுழியாகச் சுழலும் குண்டு தன் சுழற்சியாலேயே சற்று வலப்பக்கம் நகரும்; .308இல் 1,000 கெஜத்துக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். ரெட்டிகிளை வேண்டுமென்றே இடப்பக்கம் 1 டிகிரிக்குச் சற்று மேல் சாய்த்துவைத்தால் இதை ஈடுகட்டலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. கணக்கு ஓரளவு ஒத்துவரும். ஆனாலும் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். தோட்டாவை மாற்றினால் அந்த ஈடு பொருந்தாது. அதைவிட, 1 டிகிரியைத் திட்டமிட்டுச் சாய்க்க வேண்டுமானால், பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது என்பது முதலில் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கும் தூக்குநூலிடம்தான் வர வேண்டியிருக்கும்.

ஆகவே சுடும் சங்கங்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 100 மீட்டர் இலக்கு வரிசையின் ஓரத்தில் ஒரு தூக்குநூலை நிரந்தரமாகத் தொங்கவிடுங்கள். செலவு மிகச் சொற்பம். புதிதாக வருபவர்களுக்குக் காற்றைப் படிக்கச் சொல்லித்தருவதற்கு முன்பு, அந்த நூலின்மேல் ரெட்டிகிளைப் படியவைக்கவும், திருகைத் திருப்பி மையம் நூலிலேயே இறங்குகிறதா என்று பார்க்கவும், ஒவ்வொரு குண்டுக்கும் முன்பு குமிழியை ஒரு கணம் பார்க்கவும் பழக்குங்கள். ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினாலும், துப்பாக்கி கீழே விழுந்தாலும், வளையங்களைத் தளர்த்தி இறுக்கினாலும் இந்தச் சோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள். அது முடியும்வரை, 300 மீட்டருக்கு அப்பால் சுட்டதன் காற்றுக் கணக்கைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டாம்.